முதலில் திட்டிவிட்டு, பிறகு பதில்

மகர்பட்டாவில் கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்றில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்களுக்கான பயிற்சி. பிம்ப்ரியில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து என்னையும் கணக்கு டீச்சரையும் அனுப்பியிருந்தார்கள். இன்னொரு ஆங்கில டீச்சர் லீவு, யாராவது ஒருத்தர் போய்த் தலையைக் காட்டவேண்டும் என்பதால் கணக்கு வந்தது. ஏசி குளிருக்குப் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

பயிற்சி கொடுத்த பெண் சொன்னது இதுதான். பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடுகிறார்கள், கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். வாசிக்கும்போது மண்டைக்குள் என்ன ஓடவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. ஆகவே டீச்சர் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்தி, தனக்குத் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். 'இந்தக் கிழவர் ஏன் கதவைச் சாத்தினார்? பயந்துவிட்டார் போல. சரி, மேலே பார்ப்போம்.' இதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் அப்படி யோசிக்கப் பழகிக்கொள்வார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. மனசில் பட்டதைப் பேசுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறேன் என்றால் யாருக்குக் கசக்கும்.

பிறகு ஜோடி ஜோடியாகப் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். கணக்கு டீச்சர் ஒரு வரி வாசித்தாள், நிறுத்தினாள், கண்ணை மூடினாள். "சாப்பாடு இன்னும் வரவில்லை என்று தோன்றுகிறது" என்று இந்தியில் சொன்னாள். பயிற்சி கொடுத்தவள் அது பத்தியைப் பற்றியது இல்லையே என்றாள். "எனக்கு ஓடுவது அதுதான்" என்றாள் கணக்கு டீச்சர். அவள் பக்கம் நியாயம் இருந்தது.

மறுவாரம் ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தேன். தொப்பியைத் தொலைத்த ஒரு கிழவரின் கதை. ஒரு வரி வாசித்தேன், நிறுத்தினேன், மோட்டுவளையைப் பார்த்தேன். "ஹ்ம்ம்... ஒருவேளை தொப்பியை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டாரோ" என்று ஆங்கிலத்தில் யோசித்தேன். வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தால் அத்தனை பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் யோசிப்பதை நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், 'ஹ்ம்ம்' உட்பட. மாதப் பரீட்சையில் மழைநீர் சேமிப்பைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, இந்த ஊர்க்காரர்கள் ஏன் தொட்டி கட்டினார்கள் என்று கேட்டிருந்தேன். பாதி வகுப்பு 'ஹ்ம்ம், ஒருவேளை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டாரோ' என்று எழுதியிருந்தது. மனப்பாடத்தில் ஒரு பிழை இல்லை.

சாயங்காலம் மெட்ரோவில் விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பாவம். அதுங்க இன்னா பண்ணும்" என்றார்.

எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பத்தி, கேள்வி, பதில் என்றாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் விட்டுவிட்டேன்.

அவர் கட்கியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு ஃபாக்டரியில் எக்ஸாமினர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம்தான் என்றாலும் மூன்று தலைமுறையாக இந்த மராட்டி ஊரில் அதே ஃபாக்டரி. லேத்திலிருந்து வருகிற உருப்படிகளை அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்க்கவேண்டும். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் சிவப்புத் தட்டில் ஒதுக்கிவிடவேண்டும். யார் கெஞ்சினாலும் ஒதுக்கினது ஒதுக்கினதுதான், அதில் பேர்போனவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் வருஷக்கணக்காக ஒரே பரீட்சையில் ஃபெயிலாகிக்கொண்டிருந்தார். சார்ஜ்மேன், அதாவது எக்ஸாமினர்களுக்கு மேலதிகாரி, ஆவதற்கான டிபார்ட்மென்ட் பரீட்சை. தொழில் பேப்பரில் மார்க் கொட்டும். பொதுப் பேப்பரில் ஓர் ஆங்கிலப் பத்தி கொடுத்து, கீழே கேள்வி கேட்டு, நாலு விடையில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். அங்கே மொத்தமும் போய்விடும்.

இந்தமுறைதான் கடைசி. அடுத்தமுறைக்கு வயது தாண்டிவிடும். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஆள் இப்போது அவருக்கே சார்ஜ்மேன். காலையில் அந்த ஆளை 'சாஹேப்' என்று கூப்பிட்டுத்தான் ரிப்போர்ட் தாளை நீட்டவேண்டும். "அதுக்கின்னா, மரியாதைதானே" என்பார். ஆனால் அப்படிச் சொல்கிற அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வாயில் போகாது. பாஸானால் மாற்றல் வரும் என்பதும் தெரிந்ததுதான். சார்ஜ்மேன் ஆனவர்களை நாக்பூர்ப் பக்கம் அனுப்புவது அங்கே வழக்கம். நானோ அத்தனை வருஷம் தற்காலிகமாக இருந்து, அப்போதுதான் பள்ளியில் நிரந்தரமாகியிருந்தேன். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். ஆக, பாஸானால் அவர் அங்கே, நான் இங்கே. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முதலில் பாஸாகட்டும் என்று நானும், எங்கே ஆகப்போகிறோம் என்று அவரும் இருந்துவிட்டோம்.

எனக்குச் சொல்லிக்கொடு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பேச்சே அவர் வாயில் வராது. பரீட்சைக்கான கைடைக் கொண்டுவந்து சமையல் மேடையில், தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்தும் அங்கேயே நின்றார்.

"உங்க மெதட் பெரியவங்களுக்கும் வேலை செய்யுமா, பசங்களுக்கு மட்டும்தானா" என்றார்.

"பசங்களுக்கே செய்யலை. உக்காருங்க பாக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்தோம். முதலில் நான் ஒரு பத்தியை வாய்விட்டு யோசித்துக் காட்டினேன். ரேடியோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் முறை. தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய பத்தி. ஃபோர்மேன் புகை வருவதைப் பார்த்தான், உடனே மேனேஜரிடம் சொல்ல ஓடினான் என்று முதல் வரி. வாசித்தார். நிறுத்தினார். எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்தார்.

"என்ன தோணுது?" என்றேன்.

"ஒண்ணும் தோணலை."

"ஒண்ணுமே தோணாம எப்படிங்க இருக்கும்? எது தோணுதோ அதைச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

"ஓடக்கூடாது" என்றார்.

"யாரு?"

"இந்த ஆளு. பொகை வந்தா ஓடக்கூடாது. மெயினை ஆஃப் பண்ணணும், ஆளுங்களை வெளிய அனுப்பணும், அப்புறம்தான் மேனேஜரு. இவன் மெஷினைப் போட்டுட்டு ஓடறான். இவன் ஃபோர்மேனே இல்லை."

கேள்வி, ஃபோர்மேன் ஏன் ஓடினான் என்பது. பொறுப்புள்ளவன் என்பதால் என்று ஒரு விடை, பயந்துவிட்டான் என்பதால் என்று ஒன்று. என் வீட்டுக்காரர் பயந்துவிட்டான் என்பதைக் குறித்தார். கைடைப் பிடுங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஊருக்காகக் கிணறு வெட்டிக்கொடுத்த விவசாயியை மக்கள் ஏன் பாராட்டினார்கள் என்ற கேள்விக்கு, 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்று பென்சிலில் குறி. பாராட்டியிருக்க மாட்டார்களாம். அவருக்குத் தெரிந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிப் பாராட்டினதில்லையாம். நேர்மையான கடைக்காரன், அன்பான முதலாளி, குறித்த நேரத்துக்கு வந்த ரயில், எல்லாவற்றுக்கும் 'மேற்கண்ட எதுவும் இல்லை'.

அவருக்கு இங்கிலீஷ் வராது என்று ஃபாக்டரியே சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலீஷெல்லாம் நன்றாகத்தான் வந்தது. பத்திகளை எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று சிவப்புத் தட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இங்க பாருங்க. பத்தி சரியா தப்பான்னு யாரும் உங்களைக் கேக்கலை. அது என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அது பொய் சொன்னா?"

"சொல்லட்டும்."

"தெரிஞ்சே நான் அதுக்குக் கையெழுத்து போடணுமா?"

"கையெழுத்து இல்லைங்க, டிக்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் வடாபாவ் பொட்டலம் இருந்தது. சமாதானத்துக்கு என்று நான் நினைத்தேன். அவர் அதைத் தனியாகத் தின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதே சமயம் அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தப்பைத் தப்பென்று ஒதுக்கத்தான் அவருக்குச் சம்பளம். அதை மேசையில் உட்கார்ந்ததும் நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவார். ஒருவாரம் முட்டிமோதிப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டு பத்தி சொல்வதை மட்டும் கேளுங்கள் என்றால், மூடிக்கொள்வார், ஆனால் கழுத்து சிவந்துவிடும், பேனா தானாக 'மேற்கண்ட எதுவும் இல்லை'க்குப் போய்விடும்.

கடைசியில் அலுத்துப்போய்த்தான் சொன்னேன். "சரி, முதல்ல திட்டிடுங்க. நல்லா வாய்விட்டுத் திட்டிட்டு, அப்புறம் பதில் சொல்லுங்க."

அது பயிற்சியில் இல்லாதது. மகர்பட்டாப் பெண் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். ஆனால் வேலை செய்தது. ஃபோர்மேனைத் திட்டினார், கிணறு வெட்டியவனைத் திட்டினார், பத்தி எழுதினவன் வாழ்க்கையில் ஒருநாளாவது வேலை செய்திருப்பானா என்று கேட்டார். எல்லாம் இறங்கினதும் முகம் தெளிந்துவிடும். "சரி, இவன் கதைப்படி அந்த ஆளு பொறுப்பானவன். முதல் விடை" என்பார். சரியாக இருக்கும்.

அதன்பிறகு தினமும் நான் பள்ளியிலிருந்தும் அவர் ஷிஃப்ட் முடிந்தும் வந்து, டீ குடித்ததும் உட்கார்ந்துவிடுவோம். ஒருநாள் தேனீக்களைப் பற்றி வந்தது. "இதுங்களுக்கு ஓவர்டைம் கெடையாது, லீவு கெடையாது, யூனியனும் கெடையாது. இதைப் போயி ஒழைப்புன்னு எழுதறான்" என்று ஆரம்பித்து, ஃபாக்டரியில் அவர் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்ட்ரைக்கின்போது கேட்டுக்கு வெளியே நிற்பதா உள்ளே போவதா என்று தெரியாமல் போகிற வழியில் போபோடி சிக்னலிலேயே சைக்கிளோடு நின்றுகொண்டிருந்ததைச் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகி மகள் கல்லூரிக்கே போயாகிவிட்டது, இந்தக் கதையை நான் கேட்டதில்லை. தேனீக்குக் கோயில் கட்டலாம் என்று இருந்தது.

எல்லா நாளும் அப்படி இல்லை. சமையலைப் பற்றிய ஒரு பத்தியை வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "புளி கம்மியா போட்டிருக்கலாம்" என்றார்.

"பத்தியில புளியே வரலையே" என்றேன்.

"பாராவுல இல்லை. நேத்து கொழம்புல."

தோன்றுவதை எல்லாம் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள் என்று சொன்னது நான்தான். அதனால் சண்டை போட முடியவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, போய்த் துணி மடித்தேன்.

பரீட்சை கோந்த்வாவில், ஒரு பள்ளிக்கூடத்தில். ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளி வாசலில் பரீட்சை என்றால் பெற்றவர்கள் காத்திருப்பார்கள். இங்கே பெண்டாட்டிகள் நின்றோம், டிஃபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக. நரைத்த தலைகள் எல்லாம் ஹால்டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போயின. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் போனார். இந்த மனுஷன் இன்றைக்கு விட்டால் ரிடையராகும் வரைக்கும் அந்த ஆளை சாஹேப் சாஹேப் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று நினைத்து, டிஃபன் டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

வெளியே வந்தவர் நேராக ஸ்கூட்டருக்குப் போனார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வெளிய ஒக்கார வெச்சுட்டாங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஸ்கூட்டரை எடுக்காமலேயே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பத்தியை எடுத்ததும் பழக்கதோஷத்தில் வாய்விட்டு வாசித்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து, "காகா, ஷாந்த் பசா" என்று மராட்டியில் சொன்னாராம், சத்தம் போடாமல் உட்காருங்கள் என்று. வாயை மூடிக்கொண்டார். மூடினதும் ஒன்றும் புரியவில்லை. எழுத்து எல்லாம் தெரிகிறது, மண்டைக்குள் எதுவும் போகவில்லை. கழுத்து சூடாகி, பேனா மறுபடி 'மேற்கண்ட எதுவும் இல்லை'க்குப் போய்விட்டது. அப்போது எழுந்து நின்று, எனக்குச் சத்தமாகப் படித்தால்தான் புரியும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த வயதில், அத்தனை பேருக்கு முன்னால். மேற்பார்வையாளர் யோசித்துவிட்டு, வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, பக்கத்தில் பியூனை உட்காரவைத்தாராம்.

"காப்பி அடிக்கறேனான்னு பாக்கறதுக்கு. நான் தமிழ்ல திட்டறேன், அவனுக்கு இன்னா புரியும். நல்லா ஆசைதீரத் திட்டினேன்."

"பத்தி எதைப் பத்தி?"

"காட்டிலாகா. மரம் நட்டாங்களாம், எல்லாம் பொழைச்சுதாம்" என்றார். "பொழைச்சுதுன்னே டிக் பண்ணிட்டேன்."

ரிசல்ட் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். அவர் என்னைப் பள்ளி நேரத்தில் கூப்பிட்டதே கிடையாது. ஃபோனை எடுத்தால், "ஆயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்பின் முன்னால் நின்று மூக்கைச் சிந்தினேன். பிள்ளைகள் நோட்டை எடுக்கவில்லை, அந்தமட்டுக்கு நிம்மதி.

மாற்றல் உத்தரவும் பின்னாலேயே வந்துவிட்டது. நாக்பூருக்கு அந்தப் பக்கம், மாத முதல் தேதியில் சேரவேண்டும். சாயங்காலம் அவர் இரண்டு கிலோ பேடா வாங்கி வந்தார். நான் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டேன், இரண்டு பேருமாக மாடிமாடியாகக் கொடுத்துவிட்டு வந்தோம். பக்கத்துவீட்டு மராட்டி அம்மாள் அவர் வாயில் ஒன்றைத் திணித்து, "பார்ட்டி பாஹிஜே, சாஹேப்" என்றாள். பார்ட்டி வேண்டுமாம். அந்த 'சாஹேப்' காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். மேசையில் கைடு இல்லை, ஃபாக்டரியில் அடுத்து எழுதப்போகிற யாரோ ஓர் எக்ஸாமினருக்கு அவர் அதைக் கொடுத்துவிட்டார். நான் மிச்சமிருந்த பேடாவை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு தோணுது. சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க."

"நீ காலையில எழுந்ததுலேர்ந்து பேசற. பால்காரன் ஏன் லேட்டு, கீழ்வீட்ல ஏன் சண்டை, எங்க சாஹேப் ஏன் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கூப்புடலை, டிவியில அந்த ஆளு ஏன் அப்டிப் பேசினான். எல்லாத்தையும் நீயே கேட்டு நீயே காரணமும் சொல்லிடற. நான் பாட்டுக்கு ஷேவ் பண்ணிக்கினு கேட்டுக்கினு இருப்பேன். பாதி தப்பாத்தான் இருக்கும். மனசுக்குள்ள ஒன்னைத் திட்டிக்குவேன். ஆனா டிஃபனை எடுத்துக்கினு கெளம்பறதுக்குள்ள, இன்னைக்கு ஊர்ல இன்னா நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்சுடும். இத்தனை வருஷமா அப்டித்தான்."

நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க போனா எனக்கு ஒண்ணும் புரியாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேடா டப்பாவை மூடி ரப்பர் பேண்ட் போட்டேன். அது அறுந்துபோனது, இன்னொன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். ஃபோன் இருக்கிறதே என்று சொல்லலாம், லீவுக்கு வருவேன் என்று சொல்லலாம், இதற்குப்போய் பாஸாகாமலே இருந்திருக்கலாம் என்றுகூடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.